தேனி ரயிலுக்கு நான் போட்ட ஒற்றை நட்சத்திரம்

கைபேசி வரைபடத்தில் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் நட்சத்திரம் போடுவதுபோல இப்போது ரயில்களுக்கும் போடலாம். நான் வைத்திருக்கும் செயலியில் போன சித்திரையில் இந்த வசதி வந்தது. மதுரை - போடி ரயிலுக்கு முதல் ஆளாக ஒற்றை நட்சத்திரம் போட்டவன் நான். இந்தத் தை மாதம் ஒரு வியாழக்கிழமை, கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க அதே ரயிலில் மறுபடி கிளம்பினேன். போக நினைப்பவர்களுக்கு வழி சொல்வதற்காக எழுத ஆரம்பித்த குறிப்பு இது. வேறொன்றும் சேர்ந்துகொண்டது.

மதுரையில் காலை 8.20க்குப் புறப்பாடு. தேனி வரை 75 கிலோமீட்டர், நான் கொடுத்தது 45 ரூபாய். முன்பதிவு கிடையாது. பெட்டியில் பாதி காலியாக இருந்ததால் எதிர் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டிய பாதைக்குள் வண்டி நுழையும். அப்போது வாசலில் நிற்காதீர்கள், ஜன்னலோரம் போதும். 9.40க்குத் தேனி. ஆட்டோவில் புதிய பேருந்து நிலையம் போய், அங்கிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம். 40 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

இறங்கியபோது நல்ல வெயில். தொப்பி வாங்க, மருந்தடிக்கும் பம்பும் திராட்சைக் கத்தரியும் விற்கிற ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் ஷாகுலுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் மனைவி நூர்ஜகான் உள்ளே பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தபடியே போனில் யாருக்கோ பம்பு விலை சொல்லிக்கொண்டிருந்தார். முதுகில் அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதமாகிறது என்றார் ஷாகுல்.

"எதுல வந்தீக சார்?"

"தேனி வரைக்கும் ரயில்."

"ரயில்லயா? நிக்க எடம் கெடச்சுச்சா?"

"காலை நீட்டிக்கிட்டு வந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை நூர்ஜகான் மதுரையில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். போன மாதமே போகவில்லை. அதற்கு முந்தைய தடவை 115 கிலோமீட்டர் பேருந்தில் குலுங்கிப் போய்வந்ததில் மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லையாம். கார் என்றால் மூன்று மணி நேரம் மடங்கிக் கிடக்க வேண்டும். இப்போது இடது கால் மரத்துப்போவது திரும்ப ஆரம்பித்திருக்கிறது. இனித் தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ரயில்ல போயிருக்கலாமே?" என்றேன்.

ஷாகுல் போனை நீட்டினார். "கம்பத்துல ஏது சார் ரயிலு? எங்களுக்கு இதப் பாத்தாத்தான் தெரியும். மொத ஆளா ஒருத்தர் எழுதிருக்காக பாருங்க, உள்ளது உள்ளபடி."

'கால் வைக்க இடமில்லை. மூச்சு முட்டுகிறது. உடம்புக்கு முடியாதவர்களை இதில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.' கீழே என் பெயர். பயனுள்ளது என்று பலர் குறித்திருந்ததால் அதுவே மேலே நின்றது.

நான் அதை எழுதியது வீரபாண்டிக் கோயில் திருவிழாச் செவ்வாய் அன்று. பெட்டி முழுக்கக் கோயிலுக்குப் போகிறவர்கள். அதை நான் குறிப்பிடவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தவன், ஊரும் தேதியும் இல்லாமல் ஒரு வரிகூட அனுப்பியதில்லை. வரைபடத்துக்கு மட்டும் அப்படி அனுப்பியிருக்கிறேன். செயலியும் 'பல மாதங்களுக்கு முன்' என்றுதான் காட்டுகிறது.

"இதை எழுதினது நான்தான்" என்று சொல்லி, அன்று என்ன நாள் என்பதையும் சொன்னேன்.

நூர்ஜகான் போனைக் கீழே வைத்தார். "நீகதானா அது? நான் யாரோ டாக்டரு எழுதிருக்காகன்னுல்ல நெனச்சேன். வீரபாண்டிக் கூட்டத்துல ஏறிட்டு எம் முதுகுக்குப் பத்தியம் சொல்லிருக்கீக. அந்த எட்டு நாளும் அந்தப் பக்கம் பஸ்ஸே நகராதுன்னு இங்கன பச்சப்புள்ளைக்கும் தெரியும்."

"இன்னிக்கு ஒரு விசேஷமும் இல்லை. சாயங்காலம் நானும் அதுலதான் திரும்புறேன். இடம் இல்லேன்னா நான் எந்திரிச்சுக்கிறேன்."

"நீக எந்திரிச்சா எம்புட்டு எடம் வந்துரும்? ஒல்லியால்ல இருக்கீக" என்றார். ஷாகுல் அதற்குள் தங்கைக்குப் போன் போட்டுவிட்டார். மதுரையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மகபூப்பாளையத்தில் அவர் வீடு.

திராட்சைத் தோட்டத்தில் அரை மணி நேரம்தான் இருந்தேன். பந்தலுக்குக் கீழே நல்ல குளிர்ச்சி. ஆனால் மனம் அதில் நிற்கவில்லை.

தேனிக்கு ஷாகுல் கார் பிடித்தார், 1,200 ரூபாய். பின்சீட்டில் நூர்ஜகான், மடியில் ஒரு தலையணை. போடியிலிருந்து வரும் வண்டி தேனிக்கு 6.15. அது நடைமேடைக்குள் வரும்போதே ஜன்னல் ஜன்னலாகத் தலைகளை எண்ணினேன். நாங்கள் மூவரும் ஏறிய பெட்டியில் ஒரு நீள இருக்கை முழுதாகக் காலியாக இருந்தது. நூர்ஜகான் தலையணையைப் போட்டுப் படுத்தார். ஆண்டிபட்டியில் ஏறியவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள். உசிலம்பட்டிக்கு முன்பே தூங்கிவிட்டார்.

மதுரை நெருங்கும்போது விழித்தவர், நான் என் பழைய கருத்தைத் திருத்துவதை எட்டிப் பார்த்தார். ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தேன்.

"ஒரு நா ஒண்ணு, ஒரு நா அஞ்சு. வாங்குறவனுக்கு எதை நம்புறதுன்னு தெரிய வேணாமா? மொதல்ல கெழமையப் போடுங்க."

போட்டேன். 7.50க்கு மதுரை வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: கிளம்புமுன் அன்றைய நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா நடக்கும் எட்டு நாள்களும் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு உரியவை, மற்றவர்கள் தவிர்க்கலாம். அடுத்தவர் எழுதிய கருத்தைப் படித்தால் அது எந்த நாள் என்று தேடுங்கள். நீங்கள் எழுதினால் நாளை முதல் வரியிலேயே வையுங்கள்.

போன வாரம் வரைபடத்தைத் திறந்தேன். என்னுடையதற்குக் கீழே புதிதாக ஒன்று, நூர்ஜகான் பெயரில், மூன்று நட்சத்திரத்தோடு: 'செவ்வாய்க்கிழமை. திருவிழா இல்லை. தேனியில் ஏறினேன். உட்கார இடம் இருந்தது, படுக்க இல்லை. மதுரை வரை உட்கார்ந்தே போய்விட்டேன்.'