மழையிலை கை வைக்கக் கூடாதாம்

ஊரிலை பூமிசாத்திரம் படிப்பிச்ச ரீச்சர் நான். மேற்காவுகை மழை, சூறாவளி மழை எண்டு கரும்பலகை நிறையப் படம் கீறின கை இது. இந்தக் கையாலைதான் லண்டனிலை ஒரு கோடைக்கு நான் மழையைக் கட்டினன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். வேறை என்ன சொல்ல?

தங்கச்சிக்குக் கலியாணம். தாலிகட்டு மனோர் பார்க் கோயிலிலை, சாப்பாடு ஸ்ட்ரெதத்திலை மாப்பிளை வீட்டுப் பின் வளவிலை. சின்னனிலை அவள் பச்சை அரிசியைக் களவாய் அள்ளித் தின்னுவாள். தின்னாதை, உன்ரை கலியாணத்துக்கு மழை கொட்டும் எண்டு வெருட்டித்தான் வளத்தனாங்கள். அதை நினைச்சுக்கொண்டு இப்ப டெலிபோனிலை அழுறாள், அக்கா நீ மழையைக் கட்டிவிடு எண்டு. எங்கடை குடும்பத்திலை அப்பிடி ஒரு வழக்கம் இருந்தது. ஒரு துண்டுத் துணியிலை உப்பும் இரும்பாணியும் வைச்சு முடிஞ்சு, கும்பிட்டுப்போட்டு மண்ணுக்குள்ளை தாட்டுவிடுறது. காரியம் முடிஞ்ச கையோடை எடுத்து அவிழ்க்கவேணும். கட்டின ஆளேதான் அவிழ்க்கவேணும். இல்லாட்டி மழை கட்டுப்பட்டபடியே நிண்டிடுமாம்.

நாங்கள் இருந்தது மாடி வீடு. எங்களுக்கெண்டு மண் இருந்தது ஒரே ஒரு இடத்திலைதான். கவுன்சில் தோட்டம் செய்யக் குடுக்கிற அலொட்மென்ட் காணியிலை என்ரை மனுசன் எடுத்த ஒரு துண்டு. அவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடின பிறகு, மனுசன் ஒரு வருசம் சுவர்ப் பக்கம் திரும்பிக் கட்டிலிலை கிடந்தவர். முகம் வழிக்கமாட்டார், நாலு வார்த்தை கதைக்கமாட்டார். டொக்டர் தந்த குளிசையாலை ஏலாததை அந்தத் துண்டுக் காணி செய்தது. மிளகாயும் வெங்காயமும் வைச்சார். காலமை எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடத் தொடங்கினார். அந்த வருசம் பாத்து மழை பொய்ச்சுப்போச்சு. ஹோஸ் பைப்பாலை தண்ணி விடக் கூடாது எண்டு தடையும் வந்தது. பூவாளியிலை நிரப்பி நிரப்பிக் காவினார். அந்தப் பயிர் பட்டுப்போனால் இவர் திரும்பவும் கட்டிலிலை விழுந்திடுவார் எண்ட பயம் எனக்கு எந்த நேரமும் இருந்தது.

இண்டைக்காவது வருமோ எண்டு வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிற மனுசன்ரை மண்ணுக்குள்ளைதான், அவருக்குத் தெரியாமல், கொட்டில் மூலையிலை ஒரு சாண் ஆழத்திலை நான் அந்த முடிச்சைத் தாட்டன். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கோ.

கலியாணத்தண்டு ஒரு துளி விழேல்லை. தங்கச்சி ஓடிவந்து கட்டிப்பிடிச்சாள். எனக்கெண்டால் எப்ப போய் அவிழ்ப்பன் எண்டதுதான் யோசனை.

அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலமையே போய்த் தோண்டினன். முடிச்சைக் காணேல்லை. பக்கத்திலை தோண்டினன், அங்கையும் இல்லை. பூவாளியோடை வந்த மனுசன் என்ன தேடுறீர் எண்டு கேட்டார். மண்புழு இருக்கோ எண்டு பாக்கிறன் எண்டன். ஓம் பாரும் எண்டு சொல்லிப்போட்டுத் தண்ணி அள்ளப் போயிட்டார்.

அண்டைக்குப் பின்னேரம் அமெரிக்காவிலை இருந்து அவற்றை அண்ணை டெலிபோன் எடுத்தவர். கதைச்சு முடிச்சிட்டு இவர் சாப்பிடேக்கை சொன்னார், அண்ணை இருக்கிற மாநிலத்திலை ஒரு சட்டம் கொண்டுவரப் பாக்கினமாம் எண்டு. ஆகாயத்திலை எதையாவது தூவி மழையைக் கூட்டவோ குறைக்கவோ ஆருக்கும் உரிமை இல்லையாம். மழையிலை கை வைக்கக் கூடாதாம். நான் கேக்காத மாதிரி இன்னொரு அகப்பை சோறு போட்டன்.

அது அதோடை முடிஞ்சிருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமையும் அண்ணை எடுத்தவராம், அதே கதை. பிளேனாலை தூவினால் மட்டுமில்லை, நிலத்திலை இருந்து செய்தாலும் குற்றம்தானாம். செவ்வாய்க்கிழமை, சொந்தக்காரருக்காகச் செய்தது எண்டு சாட்டுச் சொல்ல ஏலாதாம். புதன்கிழமை, ஒளிச்சு வைச்சால் தண்டனை ரெண்டு மடங்காம். உந்த விசர்க் கதையை விடுங்கோ, எந்த ஊரிலை உப்பிடிச் சட்டம் இருக்கு எண்டு சீறினன். அண்ணை பொய் சொல்லுவாரே எண்டு கேட்டுக்கொண்டு குழம்பை ஊத்தினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் எண்டு சும்மா சொல்லேல்லை. குரோய்டனிலை அகதி விசாவுக்குப் பேப்பர்க்கட்டோடை வரிசையிலை நிண்ட காலத்திலைகூட நான் இப்பிடிப் பயப்படேல்லை. உப்பும் ஆணியும் மழையை மறிக்காது எண்டு எனக்குத் தெரியும். வகுப்பு வகுப்பாய்ப் படிப்பிச்சனான். எண்டாலும் ஒவ்வொரு நாளும் போய்க் கொட்டிலைச் சுத்திக் கிளறினன். மிளகாய் இலையெல்லாம் சுருண்டு, வெங்காயத் தாள் மஞ்சளாய்ப் போச்சு.

வெள்ளிக்கிழமை காலமை அவர் எழும்பேல்லை. எட்டு மணியாச்சு, ஒன்பதாச்சு. போய்ப் பாத்தால், சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கிறார். தேத்தண்ணி வைச்சன், ஆறிச்சுது. திரும்ப வைச்சன், அதுவும் ஆறிச்சுது. நான் குசினிக்கும் அறைக்குமாய் நடந்தன். சுவரைப் பாத்தபடியே அவர் கதைச்சார்.

"அந்தச் சட்டத்திலை கடைசியாய் ஒண்டு இருக்காம். தானாய் வந்து ஒத்துக்கொள்ளுற ஆளுக்கு மன்னிப்பாம்."

நான் கட்டில் விளிம்பிலை இருந்திட்டன். "நான்தான் கட்டினனான்" எண்டன்.

அவர் எழும்பிச் சப்பாத்தைத் தேடினார். வாரும் எண்டார். தோட்டம் வரைக்கும் நடந்தம். கொட்டிலுக்குள்ளை போய், விதை போட்டு வைக்கிற தேயிலைப் பேணியைத் திறந்து, என்ரை முடிச்சை எடுத்துக் கையிலை தந்தார்.

கலியாணத்துக்கு மூண்டு நாள் முந்தியே அவர் அதைக் கண்டிட்டாராம். எங்கடை வீட்டு வழக்கம் அவருக்கும் தெரிஞ்சதுதான். தங்கச்சியின்ரை காரியம் முடியட்டும் எண்டு அப்பிடியே மூடிவிட்டவராம். கலியாணத்தண்டு பின்னேரம் வீட்டை வாற வழியிலை இறங்கி, நரி கிண்டிப்போடும் எண்டு எடுத்துப் பேணியிலை போட்டவராம். எனக்கு நினைவு வந்தது, பூவாளியை உள்ளை வைச்சிட்டு வாறன் எண்டு அண்டைக்கு அவர் வேட்டியோடை போனவர்தான்.

ஏன் அவிழ்க்கேல்லை எண்டு கேட்டன். கட்டின ஆளெல்லோ அவிழ்க்கவேணும் எண்டார். அப்ப எனக்குச் சொல்லியிருக்கலாமே எண்டு கோவமாய்க் கேட்டன். அவர் என்னை நேராய்ப் பாத்தார்.

"நீர் சொல்லுவீர் எண்டு இருந்தன். நீரும் எனக்கு ஒளிக்கத் தொடங்கீட்டீர் எண்டால், பிறகு நான் என்னத்துக்கு எழும்புறது?"

எனக்கு அழுகை வந்திட்டுது. வெக்கத்திலை வந்த அழுகை. முடிச்சு இறுகி, ஆணியின்ரை கறள் துணியிலை ஏறியிருந்தது. நகத்தாலை கிண்டி, பல்லாலை இழுத்து அவிழ்த்தன். வானம் அப்பிடியே நீலமாய்த்தான் கிடந்தது. உப்பை எறியப் போனன். என்ரை வெங்காயத்திலை கொட்டாதையும் எண்டு பாதைப் பக்கம் கையைக் காட்டினார்.

மூக்கைத் துடைச்சுக்கொண்டு கேட்டன், அந்த மன்னிப்பு எண்டதும் அண்ணை சொன்னதோ எண்டு.

அண்ணை சொன்னது ஞாயிற்றுக்கிழமைக் கதை மட்டும்தான் எண்டார். மிச்சமெல்லாம் அவர் எனக்கெண்டு இயற்றின சட்டம்.

மழை வர இன்னும் பத்துப் பன்ரெண்டு நாள் எடுத்தது. அதுவரைக்கும் ரெண்டு பேருமாய்ப் பூவாளி காவினம். பெரிசு அவருக்கு, சின்னன் எனக்கு. மிளகாயிலை அரைவாசி பட்டுப்போச்சு. மனுசன் கட்டிலுக்குத் திரும்பிப் போகேல்லை.