மேல் டிவிஷனுக்கு ஏறாத பஸ்

மலையில் டியூஷன் எடுப்பது என்றால் பாதி பாடம், பாதி பஸ்ஸுக்குக் காத்திருப்பது. என்னைப் போல் அகப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தலை போன சொல்

கம்பஸ் லீவில் பொகவந்தலாவை பஜாரில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒருநாள் 'பஸ்' பிறந்த கதையைச் சொன்னேன். லத்தீனில் 'ஒம்னிஸ்' என்றால் ஒவ்வொருவரும், எல்லாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம், பார்த்தீர்களா! இரண்டிலும் சேராததற்கு 'ஒம்னே'. பன்மையில் 'ஒம்னேஸ்'. நம்முடைய 'கு' உருபு மாதிரி ஒன்று சேர்ந்தால் 'ஒம்னிபுஸ்', அதாவது எல்லோருக்கும். பிரான்சில் அதை ஊர்வண்டிக்குப் பெயராக வைத்தார்கள். ஆங்கிலேயர் தலையை வெட்டிவிட்டு வாலை வைத்துக்கொண்டார்கள். ஆக, நாம் தொங்கிக்கொண்டு போவது ஒரு வேற்றுமை உருபில்.

தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து வரும் கௌசி கையை உயர்த்தினாள். "அப்ப எங்க டிவிஷனுக்கு மட்டும் ஏன் மிஸ் வர்றதில்ல?"

இலக்கணமும் ஏற்றமும்

நியாயமான கேள்வி. பஸ் ஃபெக்டரியடியில் திரும்பிவிடும். அதற்கு மேல் பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே, மூடுபனியில் நடக்க வேண்டும். கௌசியின் அம்மா லெட்சுமி அக்கா கொழுந்துக் கூடையோடு வந்து முடிவாகச் சொன்னார்: "சிறுத்த அலையுது மிஸ். பஸ்ஸு மேல வராட்டி இனி புள்ளைய அனுப்ப மாட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நல்லா படிக்கிற பிள்ளை! நேரே டிரைவர் செல்வம் அண்ணனிடம் போய், ஒம்னிபுஸ்ஸை வேரோடு விளக்கினேன். பிளேன்டீயைக் குடித்து முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"லத்தீன் ஏறும் மிஸ், என் வண்டி ஏறாது."

மாரியம்மன் திருவிழா

திருவிழாவுக்குக் கௌசி கூப்பிட்டிருந்தாள். மேல் டிவிஷன் கோயில் வாசலில் நிற்கிறேன், கீழே ஹோர்ன் சத்தம். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, அந்த ஏறாத பஸ் ஜம்மென்று ஏறி வருகிறது! வருஷா வருஷம் வண்டிகளுக்கு இங்கேதான் பூசையாம். எனக்கு யாருமே சொல்லவில்லை.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த செல்வம் அண்ணனிடம் கேட்டேன். "சாமிக்கு ஏறுற வண்டி புள்ளைங்களுக்கு ஏறாதாண்ணே?" கூட்டம் சிரித்தது. லெட்சுமி அக்கா விடவில்லை: "ஆத்தா பாத்துக்கிட்டு இருக்கா தம்பி, பதில சொல்லுங்க." அவர் தலையைச் சொறிந்தார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகளோடு நானும் பஸ் ஏறினேன். பஸ் ஃபெக்டரியடியில் திரும்பவில்லை. கௌசி எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள். மேலே போய் நிறுத்திவிட்டு செல்வம் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்க லத்தீனுக்காக வரல்ல மிஸ், அக்கா வாய்க்குப் பயந்துதான் வந்தேன்."

எல்லோருக்கும் என்று சண்டை பிடித்து வாங்கிய பஸ்ஸில் இப்போது மேல் டிவிஷனே ஏறிக்கொள்வதால், எனக்குத்தான் உட்கார இடம் கிடைப்பதில்லை.