இத்தாலி வண்டியில் ஹட்டனிலிருந்து நுவரெலியாவின் பந்தய மலை வரை

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு மோட்டார் சைக்கிளில் போகலாமா, ரோடு எப்படி என்று இந்தப் பக்கத்தில் சிலர் கேட்டிருந்தார்களாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் வாசித்துச் சொன்னாள். நான் சொல்வதை அவளே எழுதிப் போடுகிறாள். அந்த ரோட்டில் லாரி ஓட்டியே பாதி வயது போயிற்று. மோட்டார் சைக்கிளில் போனது ஒரே தடவை, 1982 ஏப்ரலில். அதுவும் பந்தய வண்டியில், பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு.

வண்டி ஃபாரூக் நானாவுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். ஹட்டனில் இரும்புக் கடை வைத்திருந்தவர், பந்தயப் பைத்தியம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொழும்பில் விட்டுப்போன இத்தாலி வண்டியை வாங்கி வந்திருந்தார். ஐந்நூறு சிசி. சிவப்புப் பெட்ரோல் தொட்டி, காற்றைக் கிழிக்க முன்னால் ஒரு மூக்கு, குனிந்து பிடிக்க வேண்டிய தாழ்ந்த கைப்பிடி. இரண்டு சிலிண்டரில் ஒன்று நிமிர்ந்து நிற்கும், மற்றது முன்சக்கரத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். லைட்டும் நம்பர் பிளேட்டும் இருந்தால் ரோட்டு வண்டி, கழற்றிவிட்டால் பந்தய வண்டி. மலைநாட்டில் அந்த மாதிரி இன்னொன்றை நான் கண்டதில்லை.

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் மோட்டார் பந்தயம் நடக்கும். தோட்டத்துக்குள் ஏறும் ஒடுக்கமான ரோட்டில் ஒவ்வொரு வண்டியாக விட்டு, யார் சீக்கிரம் உச்சிக்குப் போகிறார் என்று பார்ப்பார்கள். நானா வண்டிக்குப் புதுப் பிஸ்டன் போட்டிருந்தார். புது எஞ்சினை முறுக்காமல் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி டிரைவர்.

"பொடியன்மாருக்குக் குடுத்தா எஞ்சின முடிச்சிருவானுக. நீங்க லாரிக்காரரு, மெதுவாத்தான் போவீங்க."

"கூலி வேணாம் நானா. அந்தப் பந்தய மலையில நானும் ஒரு தடவ ஏறிப் பாக்கணும்."

"எஞ்சின் நல்லபடியா வந்து சேரட்டும். பயிற்சி ஓட்டம் நடக்குற அன்னைக்கே ஒங்கள ஏத்தி வுடுறேன், இன்ஷா அல்லாஹ்."

இதைப் பெண்டாட்டி செல்லாயியிடம் சொன்னதுதான் தாமதம். அவளுடைய அக்கா நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாள். "நீங்க சொகுசா வண்டியில போவீங்க, நான் பஸ்ஸுல நசுங்கி வரணுமாக்கும்?" என்றாள். பின்னால் இருந்தது கையகலச் சீட்டு. அதில் ஒரு பக்கமாகக் கால் போட்டு, மடியில் ரொட்டியும் சம்பலும் வைத்த பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்சி ஓட்டத்தன்று காலை ஒன்பதரைக்கு ஹட்டனை விட்டோம். நானா சாமான்களோடு வேனில் முன்னால் போய்விட்டார். நுவரெலியாவுக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். கொட்டகலை வரை சுகமான ஓட்டம். லாரி உறுமும், இது தொண்டையைச் செருமிக்கொண்டே போகும். கேட்கக் கேட்க அலுக்கவில்லை.

நான் பழகிய மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் எங்கள் கண்டாக்கையாவின் பழைய இங்கிலீஷ் வண்டி. தோட்டத்து வண்டிகள் பெரும்பாலும் அந்த ரகம். அதில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இத்தாலி வண்டியில் நேர்மாறு. நானா அதைப் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு விளங்கியது, என் காலுக்கு விளங்கவில்லை.

டெவன் அருவிக்கு முந்திய இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பினேன். கொழுந்து நிறுக்கும் நேரம். கூடைகளோடு பெண்கள் வரிசையாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். இடது காலை ஓங்கி மிதித்தேன். பிரேக்குக்குப் பதில் கியர் இறங்கிற்று. எஞ்சின் வீறிட்டது, பின்சக்கரம் ஆடிற்று. வண்டி ரோட்டோரம் இறங்கி, தேயிலைச் செடி ஒன்றில் மூக்கை நுழைத்து நின்றது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் செல்லாயி பொட்டலத்தை அணைத்தபடி அப்படியே இருந்தாள்.

"ஏண்ணே, கொழுந்து பறிக்க வண்டியோடயே வந்துட்டீங்களா?" என்றாள் ஒருத்தி.

"அக்காவுக்கும் ஒரு கூட குடுங்கடி, சும்மாதானே உக்காந்திருக்கு!" என்றாள் இன்னொருத்தி.

நிறுவைக்கு நின்ற கங்காணி, "அந்தச் செடி போன வாரந்தான் கொழுந்து வுட்டுச்சு. அதுமேலயா வந்து ஏறணும்?" என்று என் மேல் பாய்ந்தார். பிறகு அவரே பின்னால் பிடித்து இழுத்தும் கொடுத்தார்.

பக்கக் கண்ணாடியின் தண்டு மட்டும் வளைந்திருந்தது. எனக்கு அதுவா கவலை? அந்த வீறிடல்தான் காதில் நின்றது. புது எஞ்சினுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நானாவுக்குப் பந்தயம் போச்சு, எனக்கு மலை போச்சு. கிளப்பிப் பார்த்தேன். சத்தம் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை.

அங்கிருந்து செல்லாயி பொறுப்பை எடுத்துக்கொண்டாள். வளைவு வரும்போதெல்லாம் என் வலது இடுப்பில் ஒரு கிள்ளு.

"வலது காலு!"

"தெரியும் புள்ள."

"தெரிஞ்ச லச்சணத்தத்தான் பாத்தோமே."

தலவாக்கலையில் நிறுத்தி ரொட்டி சாப்பிட்டு, ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம். எஞ்சின் ஆறட்டும் என்று அரை மணி நேரம் அதிகமாகவே இருந்தேன். லிந்துலை தாண்டியதும் குளிர் ஏறிற்று. நானுஓயாவில் பனிமூட்டம் இறங்கி, முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு லைட் மட்டும் தெரிந்தது. பந்தய மலையின் அடிவாரத்துக்கு வரும்போது பகல் இரண்டு மணி. கிள்ளு வாங்கிய இடுப்பு கன்றிப்போயிருந்தது.

வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக நடந்ததை நானாவிடம் சொன்னேன். அவர் எஞ்சினைக் கிளப்பி, குந்தியிருந்து காது கொடுத்தார். இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

"இது அதுக்குன்னே செஞ்ச எஞ்சின். ஒரு தடவ கத்தினா ஒண்ணும் ஆவாது. வாங்க, ஒங்க ஓட்டத்த ஓடுங்க."

பந்தயத்துக்காக ரோட்டைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவர் விடவில்லை. பேர் கொடுத்தவர்தான் ஏறலாமாம். நானா தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கேட்டுப் பார்த்தார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நானாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"வாக்குக் குடுத்துட்டேனே" என்றார். பிறகு கயிற்றைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு இத அவுத்துருவாங்க. அதுக்குப் பொறகு இது எல்லாருக்கும் ரோடுதானே? நம்பர் பிளேட்டும் லைட்டும் அப்படியே இருக்கட்டும், பயிற்சிக்கு நான் கழட்டல."

காத்திருந்தோம். நானா பயிற்சிக்கு ஏறியபோது சத்தம் மலையைச் சுற்றிச் சுற்றி மேலே போனது. கயிற்றை அவிழ்த்ததும் சாவியை என் கையில் வைத்தார். செல்லாயி கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டாள்.

முதல் வளைவு தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு தோட்டத்து லாரி. அதுவும் கயிறு அவிழக் காத்திருந்ததுதான். வேலை முடிந்த பெண்கள் பின்னால் நெருக்கி நின்றிருந்தார்கள். முந்த இடமில்லை. முதல் கியரில், நடக்கிற வேகத்தில், உச்சி வரை அதன் பின்னாலேயே ஏறினோம். லாரியில் நின்றவர்களும் செல்லாயியும் எந்தத் தோட்டம், யார் மகள், அக்காவை எங்கே கட்டிக்கொடுத்தது என்று பேசிக்கொண்டே வந்தார்கள். வளைவுக்கு வளைவு நானா ஏறிய டயர் தடம் கறுப்பாகத் தெரிந்தது. அதன் மேலேயே நானும் ஓட்டினேன். ஒரு தடவைகூடக் கால் பிசகவில்லை.

உச்சியில் நிறுத்தினேன்.

"பந்தயம் முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"யாரு ஜெயிச்சா?"

"லாரிதான்."

போகிறவர்களுக்கு: ஹட்டனை எட்டு மணிக்குள் விடுங்கள், பகலுக்குப் பிறகு நானுஓயாவில் பனிமூட்டத்தை நம்ப முடியாது. ஒரு தொட்டிப் பெட்ரோல் தாராளம். ஏப்ரலில் நுவரெலியாவில் அறை கிடைக்காது, சொந்தக்காரர் வீடு இருந்தால் முதலிலேயே சொல்லி வையுங்கள். இரவல் வண்டி என்றால் பிரேக் எந்தக் காலில் என்று மேட்டிலேயே மிதித்துப் பழகிவிட்டு இறக்கத்துக்கு வாருங்கள். சாயங்காலம் தோட்டத்து லாரி முன்னால் போனால் ஹார்ன் அடிக்காதீர்கள். அதில் நிற்பவர்கள் காலையிலிருந்து மலையில் நின்றவர்கள். அவர்கள் முதலில் வீடு போய்ச் சேரட்டும்.