உம் நின்ற இடம்

ஒரு கதையின் உயிரைத் தொட்டுக் காட்டி, "இது வேண்டாத சதை, வெட்டி எறிங்க" என்று சொன்ன மடையன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

கம்பம் ஊரில் எனக்கு மோட்டார் பம்பு விற்கும் கடை. அதற்கு முன்னால் சென்னையில் ஒரு வருடம் ஒரு படத்தில் உதவி இயக்குநராக இருந்தேன். அந்தப் படம் பாதியில் நின்றுபோனது. நான் எழுதிய கதைகளில் ஒன்றுகூடப் படமாகவில்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இல்லாதவர்களும் மோட்டார் வாங்க வருகிறார்களே, அதுபோல.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். ஒருவர் தன் கதையை, கொடுத்த டீ ஆறுவதற்குள் சொல்ல வேண்டும். மற்றவர்கள் உம் கொட்ட வேண்டும். எங்கள் பக்கம் உம் இல்லாமல் கதை கிடையாது. போனில்கூட உம் நின்றால், "என்ன, லைன்ல இருக்கீகளா இல்லையா?" என்று கேட்டுவிடுவார்கள். இதை நான் விஞ்ஞானமாகவே ஆக்கினேன். உம் பலமாக விழுந்தால் நல்ல இடம். உம் நின்றுபோனால் கதை படுத்துவிட்டது, அங்கே கத்தரி. விசிட்டிங் கார்டில் மோட்டார் படத்துக்குக் கீழே 'கதை ஆலோசகர்' என்றே போட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு ஒரு டீச்சர் வந்தார். தனியார் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். லொகேஷன் பார்க்க வரும் ஓர் இயக்குநர் பக்கத்தில் இருக்கும் கூடலூரில் ஒரு லாட்ஜில் தங்கப்போகிறாராம். வரும் சனிக்கிழமை காலை கதை சொல்ல வரச் சொல்லியிருக்கிறாராம். வருடக்கணக்காக போன் போட்டுக் கிடைத்த வாய்ப்பு.

"இதுவும் போச்சுன்னா வீட்டுல இனி கதைங்கிற பேச்சையே எடுக்க முடியாதுண்ணே. அதான் உங்ககிட்ட ஒருக்கா சொல்லிப் பாத்துருவோம்னு வந்தேன்."

கதை இதுதான். அண்ணன் மனைவி, தம்பி மனைவி. பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சு இல்லை. திராட்சைப் பந்தலை மட்டும் பிரிக்க முடியாமல் நடுவில் ஒரு கயிறு கட்டிக்கொள்கிறார்கள். அறுவடை அன்று இருவரும் ஆளுக்கொரு கோடியிலிருந்து குலை வெட்டிக்கொண்டே நடுவுக்கு வருகிறார்கள். கயிற்றுக்கு நேர் மேலே ஒரே ஒரு குலை தொங்குகிறது. இருவர் கையிலும் கத்தரி. மற்றவள் வெட்டட்டும் என்று இவளும் நிற்கிறாள், அவளும் நிற்கிறாள்.

அதுவரை ஜோராக விழுந்துகொண்டிருந்த எங்கள் உம் அங்கே சுத்தமாக நின்றது. கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும் தம்பி, டீ கிளாசை வாய்க்குக் கொண்டுபோனவன் பாதியிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். நான் மனதுக்குள் கத்தரியை எடுத்துவிட்டேன்.

"எல்லாம் சரி டீச்சர். அந்தக் குலை சீன மட்டும் தூக்கிருங்க."

"ஏண்ணே?"

"ஒருத்தராச்சும் உம் கொட்டுனாகளா? படுத்துருச்சு. அதுக்குப் பதிலா கம்பமெட்டு மலை ரோட்டுல ஒரு ஜீப் சேஸ் வைங்க."

"ஜீப்ப யாருண்ணே ஓட்டுறது?" என்றான் போட்டோக்காரத் தம்பி. "ரெண்டு அக்காமாருமா?"

"ஒரு ஆளு ஓட்டட்டும், ஒரு ஆளு தொங்கட்டும். ஒனக்கென்ன?"

டீச்சர் சிரிக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் அந்தக் கதையைச் சொன்னேன். என் வைத்தியத்தின் பெருமையைப் பேசத்தான். அவள் உரித்துக்கொண்டே உம் கொட்டினாள். குலை தொங்குகிற இடம் வந்தது. உம் நின்றது. உரிப்பதும் நின்றது.

"என்ன, தூங்கிட்டியா?"

"அட, சும்மா இருங்க. அந்தக் குலைய யாரு வெட்டுனா?"

"ஒருத்தரும் வெட்டல. மறுநா குருவி கொத்திட்டுப் போயிருது."

"ஆத்தாடி!" என்றாள். கண்ணில் நீர். வெங்காயம்தான் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

"அந்த சீனத்தான் வெட்டச் சொல்லிட்டேன்."

"ஒங்களுக்கு மோட்டார் கடையே போதும்" என்று மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

மூச்சையே பிடித்துக்கொண்டு இருக்கிறவனுக்கு உம் எங்கிருந்து வரும்? இது தெரியாமல் எத்தனை பேர் கதையில் கத்தரி வைத்தேனோ. டீச்சருக்கு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். வண்டியை எடுத்தேன். வெட்டச் சொன்ன வாயாலேயே ஒட்டச் சொல்லியாக வேண்டும்.

கடை வாசலில் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். "அண்ணே, மோட்டார் காயில் எரிஞ்சு போயிருச்சு, தோட்டத்துல தண்ணி இல்ல."

"சாயந்தரம் வாங்கப்பா. இங்கன ஒரு உயிரு போய்க்கிட்டு இருக்கு."

கூடலூர் ரோட்டில், ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்புகளை எல்லாம் முந்திக்கொண்டு போனேன். வழி நெடுக ஒத்திகை. 'சார், அந்த சீன வெட்டச் சொன்ன மடையன் நான்தான். டீச்சர் மேல தப்பில்ல. இன்னொருக்கா கேளுங்க.' கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாகச் சொல்வது. ஜன்னலும் சாத்தியிருந்தால் லாட்ஜ் வாசலில் நின்று கத்துவது. போலீஸ் வந்தால் அவர்களுக்கும் கதை சொல்வது. சொல்லாமல் திரும்புவதில்லை. இந்த உறுதியில் பாதி சென்னையில் இருந்திருந்தால் நானும் ஒரு படம் எடுத்துத் தோற்றிருப்பேன்.

லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தவும், டீச்சர் மாடிப்படியில் இறங்கி வரவும் சரியாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"என்னண்ணே, இம்புட்டு தூரம்? சாருக்குக் கதை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. முழுசா எழுதிக் குடுங்க, நாமளே பண்ணுவோம்னு சொல்லிட்டாக."

என் புத்தியைப் பாருங்கள். ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போனது. வந்த காரியமே மறந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அப்ப, நம்ம ஜீப் சேஸ் எடுபட்டுருச்சு!" என்றேன்.

டீச்சர் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார்.

"ஒங்க பேச்ச யாருண்ணே கேட்டா?"