கணுக்கால் தண்ணீருக்குப் பயந்த எங்கள் அண்ணன்

அண்ணனின் தலைத்திவசத்துக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அவருடைய ஒரே தங்கை. நாலு எழுத்துப் படித்தவள் என்று இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். உடம்பிலும் தெம்பில்லை, மனத்திலும் தெம்பில்லை. வேறு யாராவது எழுதினால் அண்ணனைச் சித்தர் ஆக்கிவிடுவார்களே என்ற பயத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது மகாராஜபுரத்தில். மேற்கே தலையைத் தூக்கினால் சதுரகிரி மலை. அப்பா குத்தகை நிலத்தில் பாடுபட்டவர். மலைக்காய்ச்சலில் அவர் போனபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. கண்மாய் நிரம்பாத வருடங்கள் அவை. அண்ணன் பிறத்தியார் மாடுகளை அடிவாரத்துக்கு ஓட்டிப் போனார். பிறகு, அமாவாசைக்குச் சாமி கும்பிட வருகிறவர்களின் அரிசியையும் பாத்திரங்களையும் தலையில் சுமந்து மலை ஏறினார். வழுக்கும் பாறை எது, யானை இறங்கும் தடம் எது என்பதெல்லாம் அப்படிச் சுமந்து சுமந்தே அவருக்குப் பழகியது.

ஒரு நாள், இனிமேல் மூட்டை தூக்கப்போவதில்லை, ஆட்களைக் கூட்டிப் போவதே தன் தொழில் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரித்துவிட்டார்.

"ஏலே, பாதை காட்டுறதெல்லாம் ஒரு பொழப்பாலே? நாலு பேரு நடந்தா அதுதாம் பாதை. அதுக்கு எவன்லே கூலி குடுப்பான்?"

"பாதைக்கு இல்லம்மா. திரும்பக் கொண்டாந்து விடுறதுக்கு."

அந்தத் தொழிலின் பாரம் கடைசியில் அம்மாவின் தலையிலும் விழுந்தது. மலைக்குப் போனவர் திரும்பும்வரை வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வருடத்துக்கு ஒரு தடவை என்றால் அது விரதம். எங்களுக்கு அதுவே குடித்தனமாகிவிட்டது. தாளிக்காத குழம்பைத் தின்றே நான் வளர்ந்தேன். மதினியும் வாழ்க்கைப்பட்டு வந்து அதையேதான் தின்றார். மலை ஏறியவர் அண்ணன், களைத்துப்போனவர்கள் நாங்கள்.

அவர் பொறுப்பில் கிடைத்த முதல் கூட்டம் இராஜபாளையத்து ஜவுளிக்கடை முதலாளியின் குடும்பம். ஆடி அமாவாசைக்கு மலைமேல் தம் தகப்பனாருக்குத் திதி கொடுப்பதாக முதலாளி நேர்ந்திருந்தார். அவர் மனம் குளிர்ந்து இறங்கினால் கடைவீதியே அண்ணனைத் தேடி வரும். இல்லையென்றால் மறுபடியும் மூட்டைதான்.

தாணிப்பாறையிலிருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் ஓடை வந்தது. தண்ணீர் கணுக்கால் அளவுதான். அண்ணன் மேலே பார்த்தார். உச்சி கறுத்துக் கிடந்தது. மேலே மழை கொட்டினால், கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்து ஆளை உருட்டிக்கொண்டு போய்விடும். எல்லோரையும் கரையில் உட்காரச் சொன்னார். அவர்கள் கண்ணெதிரிலேயே வேறொரு வழிகாட்டி தம் கூட்டத்தை அக்கரைக்குக் கொண்டுபோனார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, அவுக போறாகள்ல? கணுக்கால் தண்ணிக்குப் பயப்படுறவன் எதுக்குய்யா மலைக்கு வாரே?"

"மேகம் கலையட்டும் மொதலாளி. பொறவு போவோம்."

"அமாவாசை எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

கதையாக இருந்தால் அந்த நேரம் பார்த்து வெள்ளம் வந்திருக்கும். வரவில்லை. பொழுது சாயும்போது ஒரு சொட்டுகூட விழாமல் மேகம் கலைந்தது. அதற்குமேல் ஏறினால் காட்டில் இருட்டிவிடும் என்று அண்ணன் கூட்டத்தைக் கீழே இறக்கிவிட்டார். அக்கரைக்குப் போனவர்கள் மறுநாள் திருநீறும் சிரிப்புமாக வந்து சேர்ந்தார்கள். திதி கொடுக்க முடியாத முதலாளி வண்டி ஏறும்வரை திட்டினார். அண்ணனுக்குக் 'கணுக்கால்' என்று பட்டப்பெயர் விழுந்தது. கூமாப்பட்டிவரை அது பரவியது.

அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் சொல்லி இராஜபாளையம் மில்லில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். அண்ணனும் தலையாட்டினார். அவர் வேலையில் சேருமுன்பே, மறு ஆடி பிறந்தபோது, முதலாளி வீட்டு வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் முதலாளியின் மனைவி. அவருடைய ஒரே மகன் சேக்காளிகளோடு மலைக்குப் புறப்படுகிறானாம். முதலாளி வேறொரு வழிகாட்டியை ஏற்பாடு செய்ய, இந்த அம்மாள் அவர்கள் வீட்டுத் தெலுங்கில் "வத்து" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"பூசை போச்சுன்னா அடுத்த வருசம் வரும். எம் புள்ள போனா வருவானா? அந்தக் கணுக்கால்காரரையே அனுப்புங்கம்மா" என்றார்.

அண்ணன் மில்லுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து அவரை அழைத்தது மலை ஏறுகிறவர்கள் இல்லை, வீட்டில் இருந்த அம்மாமாரும் மனைவிமாரும்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ஆள் வந்தது. இளவட்டங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவரோடு போவார்கள். அங்கே உட்காரவைத்தார், இங்கே நிறுத்திவைத்தார் என்று திட்டிக்கொண்டே திரும்புவார்கள். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா எண்ணெய்ச்சட்டியை அடுப்பில் ஏற்றுவார்.

வெகுகாலம் கழித்து ஒருமுறை கேட்டேன்: "அன்னிக்கு வெள்ளம் வந்திருந்தாத் தேவலைன்னு நெனச்சீகளா அண்ணே?"

"நெனச்சேன் தாயி. வந்துராதா, வந்துராதான்னுதான் கரையில உக்காந்திருந்தேன். நாஞ் சொன்னது மெய்யாகணும்ல? பொறவுதான், அக்கரைக்குப் போனவுக இன்னும் மேல ஓடைக்குள்ள நடந்துக்கிட்டு இருப்பாகளேன்னு ஒறைச்சுது. வெக்கமாப் போச்சு. அன்னையிலருந்து, நாஞ் சொல்றது பொய்யாப் போகணும்னு வேண்டிக்கிட்டேதான் உக்காருங்கன்னு சொல்லுதேன்."

எத்தனையோ வருடம் மலையேறியவர் வழிகாட்டியானது அந்தக் கரையில்தான் என்று நான் நினைக்கிறேன்.

உலக யுத்தக் காலத்தில் சனங்கள் அரிசிக்கே அலைந்ததால் மலைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அண்ணனுக்கு முழங்கால் வீங்கியது, நெஞ்சில் சளி கட்டியது. மதினி மடியில் தலை வைத்துச் சொந்தக் கட்டிலில்தான் கண்ணை மூடினார். "மலையிலேயே உசுரு போயிருந்தா எம்புட்டுப் புண்ணியம்" என்று எழவுக்கு வந்த ஒருவர் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்த மனிதர் அவர்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து ஊசி போட்ட கம்பவுண்டர் ஐயாவுக்கும், அண்ணனைத் தூக்கிப் போன தெருக்காரர்களுக்கும், பதினாறாம் நாள் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனைத் திட்டியவர்களுக்கும் நன்றி. நீங்கள் திட்டிக்கொண்டு தெருவில் வரும் சத்தம்தான் எங்களுக்கு நல்ல சேதியாக இருந்தது. கேட்டுச் சந்தோஷப்பட இப்போது அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை. மதினியும் நானும் இருக்கிறோம். இந்தப் பக்கம் வந்தால் உள்ளே வந்து, கொஞ்ச நேரம் அவரைத் திட்டிவிட்டுப் போங்கள்.