அழகரத்தினத்தின் வேனில் வந்த செய்தி

சுனாமி வந்த அன்று அழகரத்தினம் விடியவே ஆட்களை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போயிருந்தான். கல்குடாவுக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. மனைவி யசோதினியைக் காணவில்லை. உடல்களைக் கிடத்தியிருந்த இடமெல்லாம் தேடினான். அவள் எங்கும் இல்லை.

அதன்பின் முகாமில் இருந்துகொண்டு ஒரு நிவாரண நிறுவனத்துக்கு வேன் ஓட்டினான். டெலிபோன் கம்பிகள் அறுந்து கிடந்த காலம். நிறுவனம் தன் வாகனங்களில் சின்னப் பெட்டிகளைப் பூட்டியிருந்தது. ஒரு நிலையத்தில் கணினியில் அடித்த செய்தியைப் பக்கத்தில் வரும் வாகனத்தின் பெட்டி வாங்கிக்கொள்ளும். வழியில் இன்னொரு வாகனத்தைச் சந்தித்தால் அதற்கும் ஒரு பிரதி கொடுக்கும். இப்படிக் கைமாறிப் போய், சேரவேண்டிய முகாமின் கணினியில்தான் செய்தி திறக்கும். வண்டி ஓட்டுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது.

பொலனறுவையிலிருந்து லொறி கொண்டுவருபவர் பதியுதீன். காலையில் ஓட்டமாவடிச் சந்தியில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, இருவரும் பிளேன்டீ குடிப்பார்கள். மாசியில் ஒரு நாளும் அப்படித்தான் நின்றார்கள்.

“முகமெல்லாம் வாடிக் கிடக்கு. சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார் பதியுதீன்.

“பசிக்கல்ல நானா,” என்றான். அண்ணன் முறை வைத்து அவரை அப்படித்தான் கூப்பிடுவான்.

குடித்து முடித்ததும் மருந்துப் பெட்டிகளோடு மட்டக்களப்புக்குப் போனான். முகாமுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முகாமின் கணினியில் வேலை செய்யும் ஆர்த்திகா ஓடி வந்தாள்.

“அண்ணன்! யசோதினி அக்கா உசிரோட இரிக்கா! பொலனறுவை ஆஸ்பத்திரியில!”

தலையில் அடிபட்டு, பேர் சொல்லத் தெரியாமல் இத்தனை நாளும் கிடந்திருக்கிறாள். இப்போதுதான் தன் பேரும் ஊரும் புருஷன் பேரும் சொல்கிறாளாம். காய்ச்சல் கடுமை, உடனே வரவும் என்று முடிந்திருந்தது செய்தி.

அவன் அப்படியே வேனைத் திருப்பினான். சோதனைச் சாவடியில் இரவுக்குப் பாதையை மூடிவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தான். விடியும்வரை விடவில்லை.

மறுநாள் வார்டில் அவனுக்குப் பதில் சொன்னது றபீக்கா என்ற பணியாளர்.

“நேத்துப் பின்னேரந்தான் தம்பி உசிர் போச்சு. காலையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. அவர் வேனோட வந்திருவார், வந்திருவார் எண்டு சென்னா.”

அவளை அந்த வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்து கல்குடாவில் அடக்கம் செய்தான்.

பெட்டிகளைப் பார்க்கும் றுமைஸிடம் ஒரு கேள்விதான் கேட்டான்: “செய்தி எந்த வண்டியில வந்த?”

றுமைஸ் கணினியைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “பதியுதீன் நானாட லொறியில வந்திரிக்கு. சந்தியில வெச்சு ஒங்கட வேனுக்கு மாறியிரிக்கு.”

தேத்தண்ணி குடித்த நேரம். அன்று முழுக்க அவள் கூப்பிட்டதை அவனே மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறான். ஓட்டமாவடியிலிருந்து பொலனறுவை இரண்டு மணிநேர ஓட்டம்கூட இல்லை.

“அவசரமெண்டு வாறதை முதல்ல காணுற நிலையத்திலயே திறக்கச் செய்யுங்க தம்பி,” என்றான். றுமைஸ் அழுதுகொண்டே தலையாட்டினான். சில நாட்களில் அப்படியே மாற்றியும் கொடுத்தான். அதனால் ஏறாவூர் முகாமிலிருந்து வேலையாக மட்டக்களப்புக்கு வந்திருந்த ஸஹீதாவுக்கு, சாகக் கிடந்த உம்மாவின் செய்தி அங்கேயே கிடைத்தது. கடைசி மூச்சுக்கு முன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள அவளால் முடிந்தது.

மறு ஆண்டு சண்டை மீண்டும் மூண்டது. பெட்டிகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அழகரத்தினம் அதே வேனில் இடம்பெயர்ந்த சனங்களை ஏற்றினான். வேறு கலியாணம் கட்டவில்லை. பதியுதீன் பிறகு அவனோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கவில்லை. கண்டால் கையைப் பிடித்துவிட்டுப் போய்விடுவார்.

போர் முடிந்த வருஷம் ஸஹீதா கைக்குழந்தையோடு அவனைத் தேடி வந்தாள்.

“நீங்க றுமைஸிட்ட சொல்லி மாத்தாட்டி நான் உம்மாட முகத்தைக் கண்டிரிக்கமாட்டன்,” என்றாள்.

அவன் குழந்தையின் தலையைத் தடவினான். “நல்லா இரிங்க புள்ள” என்று மட்டும் சொன்னான். அவள் போன பிறகு வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக அழுதான்.