ஆட்டோ முதுகில் ஒரு கரும்பலகை

இன்று காலை துணி ஊறப்போடும்போது சின்னவன் டிராயர் பாக்கெட்டுக்குள் ஏதோ கொழகொழவென்று கையில் ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் சாக்பீஸ். வகுப்பில் கீழே விழுகிற துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவது அவன் வழக்கம். எதுக்குடா என்றால் "சும்மாப்பா" என்பான். பிள்ளைகளா, நீங்களும் அப்படித்தானே? எனக்குத் தெரியும்.

அதே நேரத்தில் ஜன்னல் மேல் வைத்திருந்த போன் 'டிங்' என்றது. அவனுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழு. நேற்று கணக்கில் என்ன நடத்தினார்கள், லீவு நாளில் பிள்ளை வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று டீச்சர் அனுப்பியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள். நானும் ஒரு கும்பிடு போட்டேன். போனைக் கீழே வைத்த பிறகுதான் இன்னொரு கையிலிருந்த ஈரச் சாக்பீஸின் வாசனை மூக்கில் ஏறியது. புதுச் சுவரில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு வாசனை. என் பழைய ஆட்டோவின் வாசனை அது.

ஆட்டோ என்றால் பெட்ரோல் வாசனைதானே அடிக்க வேண்டும், இந்த ஆளு என்னமோ சொல்றாரே என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் யாரும் பிறக்காத காலம். என் மூத்த மகள் கயல் அப்போது இரண்டாம் வகுப்பு. நான் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கயல் படித்த தொடக்கப் பள்ளி. அந்தப் பக்கத்து அம்மாக்கள் பாதிப் பேர் கெஸ்ட் ஹவுஸ்களில் அறை கூட்டுவார்கள், துணி துவைப்பார்கள். அப்பாக்கள் கட்டட வேலை, ஹோட்டல் வேலை. விடிவதற்குள் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்கள். பிள்ளை பள்ளிக்குப் போகிறது, வருகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

மல்லிகா டீச்சர் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, அங்கிருந்து என் வண்டியில் பள்ளிக்கு வருவார். ஒரு தடவை வெள்ளிக்கிழமை மத்தியானம் பெற்றோர் கூட்டம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார். கூட்டத்துக்கு வந்தது நான் ஒருவன்தான். அதுவும் டீச்சரை ஏற்றிப்போக வந்தவன்.

அன்றைக்கு வண்டியில் ஏறாமல் பின்பக்கமாகப் போய் நின்றார்.

"அண்ணா, அவங்க பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேங்கறாங்க. ஆனா சாயந்திரம் எல்லாரும் உங்க வண்டிக்குப் பின்னாடிதானே வர்றாங்க? இந்தத் தகரத்த எனக்குக் குடுப்பீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தகரத்தில் ஒரு மெஸ் விளம்பரம் இருந்தது. அதற்குக் கூலியாக எனக்குத் தினமும் காலையில் நாலு இட்லி, தொட்டுக்கொள்ள கெட்டிச் சட்னி. உலகத்தில் யாருக்கும் தெரியாத என் சொத்து அது. வீட்டுக்கு வந்து மனைவி தேவகியிடம் புலம்பினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த நாலு இட்லிய நான் சுட்டுத் தரேன். பொண்ணு இன்னா படிக்கறான்னு எனக்குத் தெரிய வேணாமா? குடுங்க, போங்க."

திங்கட்கிழமையே டீச்சர் ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட் வாங்கி வந்து தானே அடித்தார். பெயிண்ட் காய்ந்ததும் என் ஆட்டோவின் முதுகு கரும்பலகை ஆகிவிட்டது.

சாயந்திரம் பள்ளி விட்டதும் அதில் எழுதுவார். வீட்டுப்பாடம் எழுதுவார் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. அன்று ஒவ்வொரு வகுப்புக்கும் என்ன நடத்தினார் என்று ஒரு வரி, அதன் கீழே ஒரே ஒரு கேள்வி. 'இரண்டாம் வகுப்பு: நிழல். உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: மத்தியானத்தில் நிழல் ஏன் குட்டையாகிறது?' அவ்வளவுதான்.

"எங்களுக்கே பதில் தெரியாதே டீச்சர்?" என்றேன். நான் எட்டாவது வரைக்கும் போனவன். அதிலும் பாதி நாள் மலைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தவன்.

"தெரியாட்டிதாண்ணா நல்லது. தெரியாத ஆளு கேட்டாதான் பிள்ளைங்க நல்லா விளக்கிச் சொல்லும்."

அடுத்த சில வாரங்களில் அந்த ரோடு மாறியதை நான் என் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். டூவீலரில் வருகிறவர்கள் எனக்குப் பின்னால் மெதுவாக வருவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் வாய்விட்டுப் படிப்பாள். பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டுவார். ஒருநாள் டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார்.

"என்னய்யா, ஆட்டோவுல ஸ்கூல் நடத்தறியா?"

"இல்ல சார், டீச்சரம்மா…"

அவர் பலகையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தன் நிழலைப் பார்த்தார். "ஏன்யா குட்டையாவுது?" என்றார். நான் தலையைச் சொறிந்தேன். "கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்லு, போ" என்று விட்டுவிட்டார்.

பெற்றோர் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. ரோடே கேட்க ஆரம்பித்துவிட்டது. பஞ்சர் கடை பாய் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்பார். இளநீர்க்காரர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார். எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று அவர்களுக்கு அத்துப்படி. பிள்ளைகள் பாவம்! ஒருநாள் நாலைந்து பேர் வந்து என் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். "அண்ணா, அத அழிச்சுடுங்கண்ணா. வூட்டுக்குப் போறதுக்குள்ள பத்துப் பேரு கேக்கறாங்க. அந்த பாய் இருக்காரே, அவரு ரொம்ப ஜாஸ்திண்ணா!" கயல் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி.

இந்தக் கும்பலில் சேராத ஒருத்தி இருந்தாள். நந்தினி, மூன்றாம் வகுப்பு. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டு நடப்பாள். ஆனால் அவள் அம்மா அம்சாவுக்கு எழுத்து தெரியாது.

அம்சா ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டுகிறவள். தினமும் என் வண்டியில்தான் வீடு திரும்புவாள். அவள் புருஷன் குமரேசன் பெங்களூரில் கட்டட வேலை. கார்த்திகை தீபத்துக்கு வந்து இரண்டு பேரையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கட்டடம் நடக்கிற இடத்திலேயே தகரக் கொட்டகை. பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மா சித்தாள் வேலைக்குப் போனால், அங்கேயுள்ள கைக்குழந்தைகளை நந்தினி பார்த்துக்கொள்ள வேண்டியது.

டீச்சர் ஒருநாள் வண்டியிலேயே அம்சாவிடம் கேட்டுப் பார்த்தார். "நல்லாப் படிக்கற பொண்ணும்மா. இந்த வருசம் முடியட்டுமே?"

"இன்னாத்த படிக்குது டீச்சர்? எனக்கு ஒண்ணும் தெரியல. இங்க இருந்தா என்னா, அங்க இருந்தா என்னா?"

டீச்சர் இறங்கும்போது என்னிடம், "அண்ணா, அவங்க ஏறும்போது பலகைய மட்டும் படிச்சுக் காட்டிடுங்க" என்றார்.

அப்படியே செய்தேன். முதல் நாள் அம்சா, "ஆமா, எனக்கு அது ஒண்ணுதான் கம்மி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வீட்டில் கேட்டிருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மறுநாள் வண்டியில் ஏறினதும் பக்கத்தில் இருந்த பொம்பளையிடம், தண்ணி ஆவியாகி மேகமாகிற கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "எம் பொண்ணு சொல்லுச்சுக்கா. கையெல்லாம் ஆட்டி ஆட்டிச் சொல்லுது!" அதற்கப்புறம் நான் மறந்தாலும் அவள் விடமாட்டாள். ஒரு காலைப் படியில் வைத்தபடியே, "அண்ணா, இன்னிக்கு இன்னா போட்டிருக்காங்க?" என்பாள்.

கார்த்திகை தீபம் வந்தது. எங்கள் ஊரில் தீபம் என்றால் உங்களுக்குத் தெரியுமே. பந்தோபஸ்துக்கு வருகிற போலீஸ்காரர்கள் தங்குவதற்குப் பள்ளிக்கூடங்களைக் கொடுத்துவிடுவார்கள். அந்த வருஷம் போலீஸ் வேன் சீக்கிரமே வந்துவிட்டது. பிள்ளைகளை அவசரமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லீவில் என்ன செய்ய வேண்டும் என்று டீச்சர் சொல்வதற்குள் வகுப்பு காலி. அவர் ஓடி வந்து என் பலகையில் எழுதினார்.

ஆனால் மறுநாளிலிருந்து ஊருக்குள் ஆட்டோவை விடவில்லை. கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் தற்காலிக பஸ் ஸ்டாண்டு போட்டு எங்களை அங்கே ஒதுக்கிவிட்டார்கள். பிள்ளைகள் ஊருக்கு அந்தப் பக்கம், பலகை ஊருக்கு இந்தப் பக்கம். தூறலில் எழுத்து அழியக்கூடாது என்று அதன் மேல் பாலிதீன் கவரைக் கட்டிவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

தீபத்துக்கு முதல்நாள் மத்தியானம். அந்த ஜனவெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகியபடி ஒருத்தி ஒவ்வொரு ஆட்டோவின் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அம்சா.

"எங்கண்ணா போயிட்டீங்க? ஊரெல்லாம் தேடறேன்."

"கெஸ்ட் ஹவுஸ்ல வேலை இல்லியா இன்னிக்கு?"

"நிக்க நேரமில்ல. ஒரு மணி நேரம் கேட்டுட்டு நடந்து வந்தேன். அந்தப் பொண்ணு உசுர எடுக்குதுண்ணா. லீவுக்கு இன்னா போட்டிருக்காங்கன்னு கேட்டுட்டு வா, கேட்டுட்டு வான்னு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "பெங்களூர் போறவளுக்கு லீவு வேலை எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "போறது போறோம். இத செஞ்சுட்டுப் போவட்டுமே."

கவரை விலக்கிப் படித்துக் காட்டினேன். 'உன் வீட்டிலிருந்து அம்மா அல்லது அப்பா வேலை செய்யும் இடம் வரைக்கும் வழியைப் படமாகப் போடு. வழியில் இருப்பதையெல்லாம் போடு. வீட்டில் எல்லோருக்கும் காட்டு.' அம்சா அதை உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, வந்த வழியே கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

தீபம், பௌர்ணமி எல்லாம் முடிந்து ரோட்டைத் திறந்தார்கள். ஊருக்குக் கிளம்புகிற விருந்தாளிகளை ஏற்ற அந்த கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். பெட்டி எடுக்கப் பின்வாசல் பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். துணி காயப்போடும் சிமென்ட் தரை முழுக்கக் கோலமாவில் ஒரு ரோடு வளைந்து வளைந்து போனது. நந்தினி உள்ளங்கை வெள்ளையாக ஒரு ஓரத்தில் நின்றாள். தோளில் பையோடு குமரேசன். அம்சா வெறுங்காலோடு, கோடு கலையாமல், படத்தின் ஓரமாகவே நடந்து வந்தாள்.

"இது நம்ம வூடு. இது பம்பு. இது… பாய் கடை! டயர் போட்டுருக்கா பாரு. இது எளநி. ஐயோ, அண்ணா, உங்க ஆட்டோ!"

ஆமாம், நானும் இருந்தேன். மூன்று சக்கரம், பின்னால் ஒரு சதுரம், சதுரத்துக்குள் புள்ளி புள்ளியாக எழுத்து. என் தலையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் எங்கடி?"

"இங்கம்மா. பெட்ஷீட் காயப்போடற."

எழுத்து தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் யார் துணையும் இல்லாமல் படித்து முடித்தாள். அவள் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

குமரேசன் சிரித்துக்கொண்டே கேட்டார். "எல்லாஞ் சரி. அப்பா வேலை செய்யற எடம் எங்க?"

நந்தினி படத்தைப் பார்த்தாள். படம் முட்டி நின்ற சுவரைப் பார்த்தாள். கையிலிருந்த டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"அதுக்குக் கோலமாவு பத்தலப்பா."

குமரேசன் குந்தி உட்கார்ந்து அந்த வெள்ளை ரோட்டை வீட்டிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தார். அவர் கண் ஒவ்வொரு கடையிலும் நின்று நின்று போனது. அப்புறம் எழுந்து, கோடு மிதிபடாமல் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணா, பஸ் ஸ்டாண்டுக்கு நானும் வரேன்."

"எத்தினி பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

வண்டியில் ஏறுவதற்கு முன் பின்னால் போய்ப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியும்.

பள்ளி திறந்ததும் நடந்ததையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயந்திரத்திலிருந்து கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படமும் போட ஆரம்பித்தார். எழுத்து தெரியாதவர்கள் யார் வாயையும் எதிர்பார்க்காமல் தாங்களே படித்துக்கொள்ளட்டும் என்று. எத்தனை படித்தவர்களுக்கு இது தோன்றும், சொல்லுங்கள். நந்தினி இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள்.

டீச்சர் மாற்றலாகிப் போனார். அந்த ஆட்டோவும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. புது வண்டியின் பின்னால் எழுத இடமே இல்லை. சிமென்ட் தரை இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. குறை சொல்வதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. சின்னவனுடைய டீச்சரும் நல்லவர்தான். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்கூடப் பொறுமையாகப் பதில் போடுகிறார். எல்லாச் செய்தியும் சரியாக வந்துவிடுகிறது. என் மகனைப் பற்றியது எனக்கு, உங்களைப் பற்றியது உங்கள் வீட்டுக்கு.

போன வாரம் அந்தக் குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. ஒரு போன் நம்பர், பக்கத்தில் 'வெளியேறினார்' என்று. பெயர் இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவனைக் கூப்பிட்டு, "இது யாருடா?" என்றேன்.

"எங்க கிளாஸ் கவிநயாவோட அம்மாவா இருக்கும்ப்பா. அவங்க திருப்பூர் போயிட்டாங்க."

"எப்போ?"

"தெரியலப்பா. ஒருநாள் வரல."

மறுநாள் சவாரிக்கு நடுவே இளநீர்க்காரரிடம் கேட்டேன். கவிநயா என்று ஒரு பெண்பிள்ளை இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. அவள் கடைசியாகப் படித்தது என்ன பாடம் என்று இந்த ரோட்டில் சொல்ல ஒருவரும் இல்லை.